லுசேர்ன் ஏரியைச் சுற்றி ஒரு நாள்: சொந்தக்காரர் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

கோடை விடுமுறை நெருங்கும்போதே எங்கள் வீட்டில் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். ரொறொன்ரோவில் இருந்து மாமா, லண்டனில் இருந்து சித்தி, யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருந்து பெரியம்மா. எல்லாருக்கும் சுவிஸின் லுசேர்ன் ஏரியை ஒருதடவை சுற்றிப் பார்க்க வேண்டும். அதன் விலையைப் பற்றியும் எல்லாருடைய காதிலும் ஒரு கதை விழுந்திருக்கும். நாங்கள் லுசேர்ன் மாநிலத்தில் குடியிருந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் குடும்பமாக ஒரு முழு நாளை ஏரிக்கென்று ஒதுக்கியது சில வருடங்களுக்கு முன்னர்தான். அன்று ஒன்பது பேர் போனோம்: அப்பா, அம்மா, பெரியம்மா, மாமா, மாமி, நான், என் கணவர், மகள், மகன். அதற்குப் பிறகு ஒரு கோடையையும் தவறவிடவில்லை. வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது எந்த ஏரி? சுவிஸில் இத்தனை ஏரி இருக்க ஏன் இது?

ஜெர்மன் மொழியில் இதன் பெயர் ஃபியர்வால்ட்ஷ்டெட்டர்சே. ஊரி, ஷ்விட்ஸ், உன்டர்வால்டன், லுசேர்ன் என்ற நான்கு காட்டு மாநிலங்களின் ஏரி என்று பொருள். கடல்மட்டத்தில் இருந்து 434 மீட்டர் உயரத்தில் 114 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. ஆழமான இடத்தில் 214 மீட்டர். மற்ற ஏரிகள் வாழைப்பழம் மாதிரி நீளமாக இருக்கும். இது கை காலை நாலு பக்கமும் எறிந்துவிட்டுத் தூங்கும் குழந்தை மாதிரி. கப்பல் ஒவ்வொரு முனையைத் திரும்பும்போதும் வேறொரு ஏரிக்குள் நுழைவது போல இருக்கும். லுசேர்ன் பக்கம் பூந்தோட்டமும் பெரிய ஹோட்டல்களும். ப்ருன்னன் என்ற ஊரைத் தாண்டித் தெற்கே திரும்பினால் மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். அந்த இடத்தில் கதைத்துக்கொண்டிருப்பவர்கள் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவார்கள். மாமா கூட நிறுத்தினார்.

உண்மையிலேயே அவ்வளவு விலையா?

விலைதான். கரையோரக் கடையில் ஒரு கோப்பி 5 பிராங்குக்கு மேல். உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு ஆளுக்கு 30 பிராங்க் சுலபமாகப் போய்விடும். ஏரியைப் பார்த்த மாதிரி அறை எடுத்துத் தங்குவதென்றால் அதை நான் எழுதாமல் விடுகிறேன்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த ஏரியில் காசு கொடுத்தால் மட்டும் கிடைப்பது ஒன்றே ஒன்று: கப்பல். மற்றதெல்லாம், கரை, உட்கார வாங்கு, புல்வெளி, லுசேர்ன் நகரத்தின் மரப்பாலம், குடிதண்ணீர் எல்லாமே இலவசம். சாப்பாட்டை வீட்டில் இருந்து கொண்டு போகலாம். அதனால் காசைக் கப்பலில் போடுங்கள், மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடியுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கப்பலை விட்டுவிட்டுக் கரையில் ஒரு பீட்சாவைத் தின்று, "லுசேர்ன் ஒன்றும் பெரிதில்லை" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வருந்தும்.

டிக்கெட்டை எப்படி எடுப்பது மலிவு?

சுவிஸில் இருப்பவர்களிடம் அரைக்கட்டண அட்டை இருந்தால் ரயிலிலும் கப்பலிலும் பாதி விலை. அதைவிட நல்லது முன்கூட்டியே எடுக்கும் ஒருநாள் அட்டை. அந்த ஒரே அட்டையில் வீட்டு வாசல் பஸ், ரயில், ஏரிக் கப்பல் எல்லாம் அடங்கும். நேரத்தோடு எடுத்தால் அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவருக்கு 29 பிராங்கில் தொடங்கும். இல்லாதவருக்கு 52இல் தொடங்கும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். உங்கள் ஊர்ச் சபை அலுவலகத்திலும் ஒருநாள் அட்டை விற்கிறார்கள். அங்கே குறைந்த விலை 39, அரைக்கட்டண அட்டை இல்லாவிட்டால் 52. ஊர்ச் சபை அட்டைகள் எண்ணிக்கைக்குத்தான் இருக்கும் என்பதால் நல்ல வெயில் நாளுக்குச் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஆறு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. ஆறு தொடக்கம் பதினாறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வருடத்துக்கு 30 பிராங்க் அட்டை ஒன்று எடுத்துவிட்டால் தாய் தகப்பனோடு வருடம் முழுக்கச் சும்மா பயணம் செய்யலாம். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் இந்த ஏரிக் கப்பலும் ரீகி மலை ரயிலும் அதற்குள்ளேயே வந்துவிடும். மாமா அதை வைத்துக்கொண்டே, தெரியாமல் கரையில் இன்னொரு டிக்கெட் வாங்க வரிசையில் நின்றார். மாமி கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

பெரியவர்களிடம் விலையைச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். பெரியம்மாவோடு போனதில் நான் படித்த பாடம் இது. அவருக்கு மனக்கணக்கு மிக வேகம். ஒரு பிராங்கை 350 இலங்கை ரூபாயாக வைத்துக்கொண்டு பார்த்ததையெல்லாம் பெருக்கினார். லுசேர்ன் நிலையத்தில் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மோனை, உது ஊர்க்காசுக்கு ரெண்டாயிரத்துக்குக் கிட்ட வருமே?" என்றார். நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கோப்பியை அவர் கீழே வைக்கவே இல்லை. கப்பல் ஏறி, வெக்கிஸ் தாண்டி, ஃபிட்ஸ்னாவ் தாண்டி, ஒரு மணி நேரமாகச் சொட்டுச் சொட்டாகக் குடித்தார். கடைசியில் கோப்பையையும் எறிய விடாமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

விலைப்பட்டியலை மடித்து வையுங்கள். பில்லை வேறு யாராவது எழும்பிப்போய்க் கட்டட்டும். "இது டிக்கெட்டோடு சேர்ந்தது பெரியம்மா" என்று சொன்னால் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

எந்தக் கப்பலில் ஏறுவது?

கட்டாயம் நீராவிக் கப்பலில். இந்த ஏரியில் இன்னும் ஐந்து ஓடுகின்றன: ஊரி 1901, உன்டர்வால்டன் 1902, ஷில்லர் 1906, காலியா 1913, ஸ்டட் லுசேர்ன் 1928. பக்கவாட்டில் இரண்டு பெரிய துடுப்புச் சில்லு சுற்றித்தான் போகும். கோடையில்தான் அதிகம் ஓடும். நேர அட்டவணையைப் பார்த்து இவற்றில் ஒன்று ஓடும் நேரத்துக்கு உங்கள் நாளை அமைத்துக்கொள்ளுங்கள். மோட்டார்க் கப்பலும் அதே இடத்துக்குத்தான் போகும், ஆனால் அதில் மிசின் மூடிக் கிடக்கும்.

நீராவிக் கப்பலில் மிசின் நடுவில் திறந்தபடி இருக்கும். சுற்றிக் கம்பித் தடுப்பு. அதில் சாய்ந்து கீழே பார்த்தால் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு மாதிரித் துலக்கி வைத்த பித்தளையும், பனங்குற்றி தடிப்பில் இரும்புத் தண்டுகளும். அவை மாறி மாறி முன்னுக்கும் பின்னுக்கும் போகும். சூடான எண்ணெய் மணம் முகத்தில் அடிக்கும். பக்கத்தில் ஒருவர் எண்ணெய்க் குடுவையோடு நின்று, சுற்றுகிற தண்டைக் கையால் மெல்லத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார், சூடு பார்க்கிறார்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா 1985இல் சுவிஸுக்கு வந்தவர். இந்த ஏரிக்கரையில் ஒரு பெரிய ஹோட்டலின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, இருபத்தேழு வருடம் அதே குசினியில் இருந்தார். கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சின்ன யன்னல். அதில் ஏரி தெரியாது, கப்பலின் புகைக்குழாய் மட்டும் மதிலுக்கு மேலால் போவது தெரியும். ஊதும் சத்தத்தை வைத்தே எந்தக் கப்பல் என்று அப்பா சொல்லிவிடுவார். ஆனால் ஒன்றிலும் ஏறியதில்லை. கப்பல் ஓடுகிற நேரம் எல்லாம் அவருக்கு வேலை நேரம். கோடைதான் ஹோட்டலுக்கு உயிர், அதனால் கோடையில் லீவும் கிடையாது.

அன்று ஏறியது ஷில்லர். அப்பா நேரே மிசினுக்குப் போனார். லுசேர்னில் நின்றவர் ஃபிட்ஸ்னாவ் வரும் வரைக்கும் அந்தத் தடுப்பை விட்டு அசையவில்லை. வெளியே மலை, பனி, படகு, எல்லாம் போய்க்கொண்டிருந்தன. அம்மா இரண்டு தரம் போய், "இஞ்சேருங்கோ, வெளியில வந்து பாருங்கோவன்" என்று கூப்பிட்டார். "நான் வெளியில எத்தினை வருசம் பாத்திட்டன்" என்றார் அப்பா.

மேல் தட்டில் போய் உட்காரலாமா?

மேல் தட்டு முதலாம் வகுப்பு, கீழ்த் தட்டு இரண்டாம் வகுப்பு. கீழேயும் திறந்த வெளியில் இருக்கலாம், காட்சியில் பெரிய குறை ஒன்றுமில்லை. எங்களிடம் இருந்தது இரண்டாம் வகுப்பு. பெரியம்மா எங்களுக்கு முன்னால் ஏறியவர், படியைக் கண்டதும் மேலே போய்விட்டார். தேடிப் போனால், மெத்தை போட்ட கதிரையில் கால் நீட்டி, சீலைத் தலைப்பைக் காற்றுக்கு இழுத்து மூடி, ராணி மாதிரி இருக்கிறார். டிக்கெட் பார்ப்பவர் வந்து சிரித்தபடி விஷயத்தைச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். பெரியம்மா, "இருந்தாச்சு, இனி எழும்புறது எண்டா முழங்கால் விடாது. அவரிட்டச் சொல்லு" என்றார். சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்று அங்கேயே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வகுப்பு மாற்றத்தைக் கப்பலிலேயே செய்யலாம். முழங்கால் வலி உள்ளவர் ஒருவர் இருந்தால் அவருக்கு மட்டும் கட்டிவிடுங்கள். பெரியம்மா அந்தச் சீட்டைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக் கோப்பாய்க்குக் கொண்டு போனார்.

சாப்பாடு கொண்டு போகலாமா?

கொண்டு போகத்தான் வேண்டும். ஆனால் கப்பலின் சாப்பாட்டு மேசையில் வைத்து விரிக்க வேண்டாம், அது கப்பல் கடையின் இடம். கரையில் இறங்கினால் எங்கு பார்த்தாலும் வாங்கும் புல்லும் இருக்கும். எங்கள் வழமை: புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், தேங்காய்ச் சம்பல், அவித்த முட்டை. புட்டை வாழையிலை கிடைத்தால் அதில் கட்டுங்கள், கிடைக்காவிட்டால் வெள்ளைத் துணியில் கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் மட்டும் வைத்தால் மத்தியானத்துக்குள் வேர்த்துப் பிசைந்துவிடும். தேத்தண்ணி போத்தல் இரண்டு. சோற்றை விடப் புட்டு நல்லது, கை அதிகம் கழுவத் தேவையில்லை.

தண்ணீர் வாங்கவே வாங்காதீர்கள். ஊர் ஊராகக் கல்தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். குடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் தவிர எல்லாத் தண்ணீரும் குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு, பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை திறந்திருக்கும். அதனால் மறந்த சாமானை வழியில் வாங்கலாம் என்று நம்பி வராதீர்கள்.

ஒரு நேரமாவது கடையில் சாப்பிட வேண்டாமா?

ஏரி மீன் ஒருதரம் சாப்பிட்டுப் பார்க்கலாம். பால்ஹென் என்று ஒரு மீன் இருக்கிறது, வெண்ணெயில் பொரித்துக் கொடுப்பார்கள், மென்மையான மீன். இரண்டாம் வருடம் லண்டன் சித்தியும் பெரியம்மாவும் சேர்ந்து வந்தபோது ஒரு கரையோரக் கடைக்குப் போனோம். ஒரு தட்டு 40 பிராங்குக்குக் கிட்ட. வந்தது இரண்டு மெல்லிய துண்டு, மூன்று உருளைக்கிழங்கு, எலுமிச்சம் கீற்று. பெரியம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தலை எங்கை?" என்றார். பரிமாறிய பெண்ணுக்கு நான் அதை ஜெர்மனில் சொல்ல, அவர் திகைத்துப்போய் உள்ளே போனார். இரண்டு நிமிடத்தில் குசினிக் கதவு திறந்தது. வெள்ளை உடுப்போடு ஒரு அண்ணை எட்டிப் பார்த்து, எங்களைக் கண்டதும் நேரே பெரியம்மாவிடம் வந்து, "அம்மா, எந்த ஊர்?" என்று கேட்டார். கோப்பாய் என்றதும் அவர் உரும்பிராய். அடுத்த ஊர். பத்து நிமிடத்தில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்த இரண்டு மீன் தலை ஒரு தட்டில் வந்தது. பட்டியலில் இல்லாத சாமான், பில்லிலும் இல்லை. தலைக்கு ஊற வைத்த தூள் அவருடைய சொந்த மதியச் சாப்பாட்டுக்காக வீட்டில் இருந்து கொண்டு வந்ததாம்.

இந்த ஏரிக்கரைக் குசினிகளில் 1980களில் இருந்து எங்கள் ஆட்கள் நின்றிருக்கிறார்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் ஒரு வார்த்தை உள்ளே சொல்லி அனுப்புங்கள். அப்பா எந்தக் கடைக்குப் போனாலும் தான் சாப்பிட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கரண்டிகளை மேல் தட்டில் ஒரே பக்கமாக வைத்துவிட்டுத்தான் எழும்புவார். உள்ளே கழுவுகிறவருக்கு அது எவ்வளவு உதவி என்று அவருக்குத் தெரியும்.

ரூட்லி என்று ஒரு புல்வெளியில் இறங்கச் சொல்கிறீர்கள். அங்கே என்ன இருக்கிறது?

புல் இருக்கிறது, மாடு மேயும், ஒரு கொடிக்கம்பம், ஒரு சிறிய சாப்பாட்டுக்கடை. அவ்வளவுதான். லுசேர்னில் இருந்து கப்பலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கார் போகும் தெரு கிடையாது. இறங்குதுறையில் இருந்து பத்து நிமிடம் ஏற வேண்டும். மாமா ஏறி முடித்ததும், "இதுக்கோ இவ்வளவு தூரம்?" என்றார். அந்த இடத்தின் கதை தெரியாமல் போனால் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

1291இல் ஊரி, ஷ்விட்ஸ், உன்டர்வால்டன் ஆட்கள் இங்கே கூடி, ஒருவருக்கொருவர் துணை நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள் என்பது சுவிஸ் மக்களின் மரபுக் கதை. அதனால்தான் ஓகஸ்ட் முதலாம் திகதி தேசிய தினம். எனக்கு அதைவிடப் பிடித்தது பிந்திய கதை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த ஏரிக்குப் பணக்காரப் பயணிகள் வரத் தொடங்கி, கரையெல்லாம் ஹோட்டல் எழும்பியது. ரூட்லியிலும் ஒன்று கட்டத் திட்டம் வந்தது. அதைத் தடுக்க நாடு முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சில்லறை சேர்த்தார்கள். அந்தக் காசில் 1859இல் புல்வெளியை வாங்கி, 1860இல் அரசுக்கே கொடுத்துவிட்டார்கள், இனி யாருக்கும் விற்கக் கூடாது என்று. இவ்வளவு விலை பிடித்த கரையில் நீங்கள் காசு கொடுக்காமல் பாயை விரித்துப் புட்டு சாப்பிடுகிறீர்கள் என்றால் அந்தப் பிள்ளைகள் சேர்த்த சில்லறையால்தான். இதைச் சொன்னதும் மாமா பேசாமல் பாயின் மற்ற முனையைப் பிடித்து விரித்தார்.

போகிற வழியில் கெர்சாவ் என்ற சிறிய ஊரையும் காட்டுங்கள். அந்த ஊர்க்காரர் 1390இல் தங்கள் பிரபுக்களிடம் இருந்து காசு கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்டு, 1798 வரைக்கும் தனி நாடு மாதிரி இருந்தார்கள்.

"5 மில்லிமீட்டர்" கதை என்ன? மாமா எங்களுக்கும் சொன்னார், விளங்கவில்லை.

ரூட்லியில் இருந்து ஏரியின் தென்முனையைச் சுற்றி ப்ருன்னன் வரைக்கும் 35 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. சுவிஸ் பாதை என்று பெயர். நாட்டின் 700ஆவது வருடத்துக்காக 1991இல் திறந்தார்கள். அதன் நீளத்தை எப்படிப் பிரித்தார்கள் என்றால், நாட்டில் குடியிருக்கும் ஒரு ஆளுக்கு 5 மில்லிமீட்டர். மாநிலங்கள் நாட்டோடு சேர்ந்த வரிசையில் பாதையும் வரும். ஒவ்வொரு மாநிலத்தின் பங்கையும் காட்ட வழியில் கல் நட்டிருக்கிறார்கள். சனத்தொகை குறைந்த ஊரியின் பங்கு சட்டென்று முடியும். சூரிச்சின் பங்கு நடக்க நடக்கத் தீராது.

இதை நான் புல்வெளியில் சொன்னதும் மகன் எழும்பினான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. "1991இல அப்பப்பா..." என்று தொடங்கி, மகள் திருத்த, "அம்மப்பா இஞ்ச இருந்தவரோ?" என்று கேட்டான். இருந்தார், லுசேர்ன் மாநிலத்தில். அம்மாவும் நானும் 1989இல் வந்துவிட்டோம். அப்படியென்றால் எங்கள் கணக்குப்படி மூன்று பேருக்குப் 15 மில்லிமீட்டர். "எங்கை அது? காட்டுங்கோ" என்றான். பள்ளிக்கூடப் பையில் இருந்து அடிமட்டத்தையும் எடுத்துவிட்டான்.

ரூட்லியில் இருந்து மேலே ஸீலிஸ்பேர்க் என்ற ஊர்ப் பக்கம் ஏறும் பாதை. ஊரி, ஷ்விட்ஸ், இரண்டாகப் பிரிந்த உன்டர்வால்டனின் இரண்டு பங்குகளும் தாண்டினால் லுசேர்ன். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் மரங்களுக்குள்ளால் ஏற வேண்டும். அம்மா, பெரியம்மா, மாமி மூவரும் பாயிலேயே இருந்துவிட்டார்கள். நாங்கள் போனோம். அப்பா செருப்போடு ஏறினார். லுசேர்ன் பங்கு தொடங்கும் இடத்தில் மகன் மண்டியிட்டு, வேர்களையும் சருகையும் கையால் தள்ளிவிட்டு, அடிமட்டத்தை நிலத்தில் வைத்தான். ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு ஈர்க்கு. அடுத்த ஐந்துக்கு இன்னொன்று. மூன்று ஈர்க்கு குத்தினான். "இது அம்மப்பா, இது அம்மம்மா, இது அம்மா." பிறகு அவனுக்கு இடமில்லை என்று கண் கலங்கிவிட்டது. 1991இல் அவன் பிறக்கவில்லையே. அப்பா குனிந்து தன் ஈர்க்கைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்து, "என்ரை இடத்தில நீ இரு ராசா, நான் நிண்டு களைச்சுப் போனன்" என்றார்.

அந்த வழியால் நடக்கிறவர்கள் கவனிக்க: ஏற்றம் செங்குத்து, செருப்பு சரிவராது, சப்பாத்து போடுங்கள். ஏற முடியாதவர்கள் டிரைப் என்ற துறையில் இறங்கினால், அங்கிருந்து கயிற்று ரயில் ஸீலிஸ்பேர்க்குக் கொண்டு போய் விடும்.

ரீகி மலைக்கும் அதே நாளில் போகலாமா?

வேண்டாம். ரீகி நல்ல மலை, 1798 மீட்டர், ஃபிட்ஸ்னாவில் இருந்து 1871இல் ஓடத் தொடங்கிய ரயில் ஐரோப்பாவின் முதல் பற்சில்லு மலை ரயில். அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் பெரியவர்கள் பாதிவழியில் தூங்குவார்கள், பிள்ளைகள் அழுவார்கள், நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருப்பீர்கள்.

ஏரியில் குளிக்கலாமா?

குளிக்கலாம். லுசேர்ன் நகரத்திலேயே ஊஃப்ஷோட்டி என்ற புல்வெளிக் கரை இலவசம், ரயில் நிலையத்தில் இருந்து நடந்தே போகலாம். தண்ணீர் ஜூலையிலும் குளிர்தான். கரையில் செம்மஞ்சள் விளக்கு மின்னுகிறதா என்று முதலில் பாருங்கள். நிமிடத்துக்கு 40 தரம் மின்னினால் பலத்த காற்று வரலாம் என்று எச்சரிக்கை, 90 தரம் என்றால் புயல், உடனே கரையேற வேண்டும். தென்முனையில் ஃபோன் என்ற காற்று வெயில் நாளிலேயே திடீரென்று இறங்கும். பிள்ளைகளுக்கு இந்த விளக்கைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள்.

கழிப்பறை?

பெரிய நிலையங்களில் காசு கேட்கும், கப்பலில் இலவசம். இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னரே எல்லாரையும் அனுப்புங்கள். கப்பல் துறையில் நிற்கும்போது ஒன்பது பேரும் வரிசையில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

கப்பலைத் தவறவிட்டால்?

ரூட்லியில் தவறவிடாதீர்கள். நாங்கள் தவறவிட்டோம். ஈர்க்கு குத்தி முடித்து இறங்கி வர, ஏரியின் தென்முனையில் இருக்கும் ஃப்ளூயலனுக்குப் போகும் கப்பல் துறையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. அப்பா கையை வாயில் வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார். கப்பல் பதிலுக்கு ஒருதரம் ஊதிவிட்டுப் போனது. அடுத்ததற்கு நெடுநேரம் இருந்தது. நல்ல வேளை, அம்மா போத்தலில் தேத்தண்ணி மிச்சம் வைத்திருந்தார். நாள் முடிவில் கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே துறையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூயலனில் இறங்கினால் ரயில் இருக்கிறது, ப்ருன்னன் வரைக்கும் ஏரியின் ஓரமாகவே போகும், போகும்போது இடப்பக்க யன்னலில் இருங்கள். ஒரு மணி நேரம் சொச்சத்தில் லுசேர்ன்.

அடுத்தமுறை எங்களையும் கூட்டிக்கொண்டு போவீர்களா?

வாங்கோ. ஜூலையில் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கி முதல் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு லுசேர்ன் நிலையத்துக்கு எதிரே கப்பல் துறையில் நிற்போம். புட்டு அவரவர் கொண்டு வர வேண்டும். சம்பல் நான் எல்லாருக்கும் அரைத்துக்கொண்டு வருகிறேன். அப்பாவைத் தேட வேண்டாம், அவர் மிசினடியில் நிற்பார்.